திண்ணையில் உட்காரக் கூடாது

புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து, சுண்ணாம்பு பூசி, இரவொன்றுக்கு இத்தனை ஆயிரம் என்று வாடகைக்கு விடும் விடுதிகளைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் எழுதும் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முற்றத்தில் மழை பெய்யும். தேக்குத் தூணில் கை வைத்ததும் எழுதுபவருக்குப் பாட்டி வீடு நினைவுக்கு வரும். பித்தளை டம்ளரில் காப்பி வரும். கடைசியில் 'மரபு மீட்கப்பட்டது' என்ற மங்கலச் சொல் வரும். மீட்கப்பட்டது எது, யாரிடமிருந்து மீட்டார்கள், மீட்டு யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று எவரும் கேட்டதாக எங்கள் நினைவில் இல்லை. அதைக் கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஓர் ஒப்புதல். நாங்களும் அப்படியொரு விடுதியில் இரண்டு இரவு தங்கினோம். கணவன் மனைவி இருவருமே தமிழ் கற்பித்துப் பிழைப்பவர்கள். சொந்தக் காசில் அங்கே படியேறியிருக்க மாட்டோம். எங்கள் மணவாழ்வு இருபது ஆண்டைத் தொட்டதற்காக, வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர் மகள் தன் கைப்பணத்தில் முன்பதிவு செய்து அனுப்பிவிட்டாள். 'எல்லா இடமும் நடக்கிற தூரம்தான் அத்தை' என்று அவள் சொன்னது உண்மையே. மணக்குள விநாயகர் கோயில், பாரதி பூங்கா, கடற்கரை எல்லாமே கால்மணி நேர நடைக்குள் இருந்தன. மெத்தை மெத்தென்று இருந்தது. வேலை செய்தவர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள். எங்கள் குறை வசதிகளைப் பற்றியதன்று.

அனந்தபுரத்திலிருந்து பேருந்தில் விழுப்புரம். அங்கிருந்து புதுச்சேரிக்கு ரயில். 1879இல் போட்ட பாதை அது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று வண்டி நின்று நின்று போகும்போது, கூடையோடும் தூக்குவாளியோடும் வேலைக்குப் போகிறவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அந்த நகரத்தைப் பெருக்கி, சமைத்து, துணி வெளுத்து வைப்பதில் எங்கள் மாவட்டத்துக் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பயணக் கட்டுரைகளில் இந்த வண்டி வருவதில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் வருகிறவர்களே அவற்றை எழுதுகிறார்கள்.

விடுதி, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் குடியிருந்த பகுதியில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்திருந்தார்கள் என்பது தெரிந்ததே. வீட்டின் முகப்பைப் பார்த்ததும் எங்களுக்கும் நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்? மரத்தூண்களின்மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம் தெருவைப் பார்த்து இறங்கியிருந்தது. வாசலின் இருபுறமும் வழவழவென்று செக்கச் சிவந்த திண்ணைகள். ஒரு திண்ணையில் பித்தளை உருளி வைத்து, அதில் தண்ணீர் ஊற்றிப் பூவிதழ்களை மிதக்கவிட்டிருந்தார்கள். வெயிலில் நடந்து வந்த களைப்பில் மற்ற திண்ணையில் பையை வைத்து உட்கார்ந்தோம். சீருடை அணிந்த காவலாளி ஓடிவந்தார்.

"சார், இங்க உக்காரக் கூடாது. உள்ள லாபி இருக்கு."

உள்ளே போனோம். மாலையில் சன்னல் வழியே பார்த்தோம். பூ விற்கும் அம்மாள் ஒருவர் கூடையை அதே திண்ணையில் இறக்கி வைத்தார். "யம்மா, கூடைய எடு" என்றார் காவலாளி. "செத்த நேரம் எறக்கி வச்சா திண்ணை தேஞ்சா பூடும்?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். இக்கட்டுரைக்கு இதைவிட நல்ல முதல் வாக்கியம் எங்களுக்குக் கிடைக்காது. அவர் சொன்னதை விரித்து எழுதுவது மட்டுமே எங்கள் வேலை.

புதுச்சேரித் தமிழ் வீட்டின் அமைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. தெருவோரத் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு. வெயிலுக்கும் மழைக்கும் எவரும் ஒதுங்கலாம், எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. அடுத்தது திண்ணை, வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவரும், பார்க்க வராமல் சும்மா வந்தவரும் உட்காருமிடம். அதன்பின் வாசற்படி, இடைகழி, முற்றம், உள்கட்டு. தெருவிலிருந்து உள்ளே போகப் போக உரிமை சுருங்கும், உறவு நெருங்கும். ஆக, வீட்டுக்காரர் தம் சொந்த மனையில் ஒரு பகுதியைக் கட்டும்போதே ஊருக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறார். பத்திரம் கிடையாது, கட்டடமே பத்திரம். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பள்ளிக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றே பெயர் வைத்த சமூகம் இது. தூணையும் ஓட்டையும் காப்பாற்றிவிட்டுத் திண்ணையில் உட்காரும் உரிமையை எடுத்துவிட்டால், காப்பாற்றியது எதை? உருளி வைக்கும் மேடையை.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் இங்கே பொருந்தும். முன்பு விழுப்புரம் மாவட்டத்திலும் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருக்கும் திருக்கோவலூரில்தான் முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாக வைணவ மரபு சொல்கிறது. மழை கொட்டும் இருட்டில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்கத்தான் அங்கே இடம். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். இருவர் உட்காரலாம் என்று முன்னவர் எழுந்து உட்காருகிறார். பேயாழ்வார் வருகிறார், மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நிற்கிறார்கள். யார் எவர் என்று கேட்டதாகக் கதையில் இல்லை. அந்த நெருக்கத்தில் நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார், அவரைக் காண ஏற்றிய விளக்குகளே அந்தாதிகளாயின என்பது மரபு. நாலாயிரத்தின் மூன்று திருவந்தாதிகள், இரவு தங்க இடம் கேட்டு வந்தவனை மறுக்காத ஓர் இடைகழியில் பிறந்தன. (இடைகழியே பேச்சு வழக்கில் ரேழி ஆயிற்று என்பர். நாங்கள் தங்கிய விடுதியின் ரேழியில் அறிதிறன் பூட்டுக்கு அட்டை தேய்க்கும் கருவி இருந்தது.) கதையின் சரித்திர உண்மையைப் பற்றி வழக்காட வேண்டியதில்லை. இப்படியொரு கதையைத் தன் பக்தி இலக்கியத்தின் தலைவாசலில் வைத்த மரபைத்தான் நாம் 'மீட்டுவிட்டதாக' எழுதுகிறோம்.

இங்கே ஒரு தடை எழும், நியாயமான தடை. 'பழம்பெருமை பேசுகிறீர்களே, அந்தத் திண்ணையில் எல்லாரும் உட்கார முடிந்ததா?' முடியவில்லை. எங்கள் வீட்டையே சொல்கிறோம். அனந்தபுரத்தில் தாத்தாவின் திண்ணை நீளமானது. அதில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்தார், பண்டாரம் படுத்தார், வளையல்காரர் கடைவிரித்தார். ஆண்டெல்லாம் எங்கள் கழனியில் உழைத்துவிட்டுக் கூலி நெல் வாங்க வந்தவர்கள் மட்டும் தெருவில் நின்றார்கள். மழை பெய்தபோதும் நின்றார்கள். சிறுவயதில் நாங்கள் பார்த்தது இது. ஊருக்கு எழுதிக்கொடுத்த திண்ணை என்று மேலே சொன்னோமே, அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி அடங்கவில்லை. இதை மறைத்துவிட்டுத் திண்ணையின் புகழ் பாடுவோமானால் நாங்களும் உருளியில் பூ மிதக்கவிடுகிறவர்களே.

ஆனால் இந்தத் தடை விடுதிக்காரருக்கு வக்காலத்தாக முடியாது. திண்ணையில் அன்று உட்கார முடியாதவரின் பேரப்பிள்ளை இன்று வந்து உட்கார முடிந்திருந்தால், மரபு மீண்டது என்று நாங்களும் ஒப்புக்கொண்டிருப்போம். நடந்தது என்ன? விலக்கப்பட்டோர் பட்டியலில் பூக்காரி, கணக்குப்பிள்ளை, பண்டாரம், வளையல்காரர் என்று மிச்சமிருந்தவர்களையும் சேர்த்தாயிற்று. பழைய விலக்குக்குச் சாதி என்று பெயராவது இருந்தது. எதிர்த்துப் போராட முடிந்தது. இன்றைய விலக்குக்குக் கட்டணம் என்று பெயர். 'எல்லாரும் வரலாம், பணம் கட்டினால் போதும்' என்கிறது அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாத்தா வீட்டுத் திண்ணைக்கு 2009இல் இரும்புக் கம்பிக் கதவு போட்டதும் நாங்களே. வண்டி நிறுத்த இடம் வேண்டும், திருட்டுப் பயம், நாய் வந்து படுக்கிறது என்று காரணங்கள் இருந்தன. எல்லாமே சரியான காரணங்கள்தாம். வேறுபாடு ஒன்றுதான்: அந்தக் கம்பிக்குப் பின்னாலிருந்து மரபைக் காப்பதாக நாங்கள் எவரிடமும் சொல்லவில்லை.

விடுதிகள் இல்லாவிட்டால் வீடுகளே இருந்திரா என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அரசின் கையிலிருந்த கட்டடங்களின் கதி நமக்குத் தெரியும். கடற்கரையில் நின்ற மேரி கட்டடம், அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர மன்றம், கவனிப்பாரின்றிக் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்டினார்கள். பாகப்பிரிவினையில் துண்டுபட்டு, பங்காளிகள் ஒத்துக்கொள்ளாமல், கடைசியில் அடுக்குமாடிக்காரருக்கு விற்கப்பட்ட தமிழ் வீடுகள் எத்தனை! அந்த நிலையில் ஒருவர் காசு போட்டு ஓட்டை மாற்றுகிறார் என்றால் அவரை வையும் தகுதி நமக்கில்லை.

ஆனால் இடிப்பது, இல்லையேல் விடுதியாக்குவது என்று இரண்டே வழிதான் உண்டா? அதே புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் இன்டாக் அமைப்பின் கைத்திறனும் சேர்ந்து அங்கே ஒரு தெருவின் முகப்பு முழுவதையும் சீர்செய்தன. தாழ்வாரங்கள் மீண்டும் தெருவோரம் இறங்கின. 2008இல் அத்தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டாரப் பாரம்பரிய விருது கிடைத்தது. அத்தெருவிலும் விடுதி முளைக்காமலில்லை. ஆயினும் தனி வீட்டை விட்டுத் தெருவை அலகாக எடுத்துக்கொண்ட அந்த எண்ணம் முக்கியமானது. நம் பயணக் கட்டுரைகளில் இதற்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம். தெருவில் அறை கிடையாதல்லவா?

இனி வரலாற்றுக்கு வருவோம். எங்கள் அறையில் வழவழப்பான தாளில் ஒரு குறிப்பு இருந்தது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். துய்ப்ளெக்ஸ் கவர்னராக இருந்த காலத்தில் அவ்வீட்டில் விருந்துண்டதாக அது சொன்னது. 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் நகரத்தின் பெரும்பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் 1765க்குப் பின்னரே திரும்ப வந்து கட்டத் தொடங்கினார்கள். துய்ப்ளெக்ஸோ 1754இலேயே கப்பலேறிப் போய்விட்டார். அந்த அழிவுக்குத் தப்பிய வீடுகள் மிகச் சில. விருந்துக் கதைக்குச் சான்று என்னவென்று வரவேற்பு மேசையில் கேட்டோம். சிரித்தார்கள், நாகரிகமாக. எங்கள் அறைக்கு லாலி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊரை ஆங்கிலேயரிடம் தோற்று, அதற்காகப் பாரிசில் தலை வெட்டப்பட்ட தளபதி அவர். நிம்மதியாக உறங்க நல்ல பெயர்தான். மற்ற அறைகளுக்கும் கவர்னர்கள், தளபதிகள் பெயர்கள். தமிழர் தெருவில், தமிழர் கட்டிய வீட்டில், தமிழ்ப் பெயர் தாங்கிய அறை ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி நாளுக்கு நாள் எழுதிவைத்தவர் ஒரு தமிழர். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் தாம் இறக்கும் காலம் வரை, கால் நூற்றாண்டு, நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நேரம், துணி விலை, கவர்னர் மனைவியின் கோபம், 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலை இடித்த கொடுமை எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் கண்மூடிய நான்கைந்து நாள்களில் நகரமும் வீழ்ந்தது. அந்தக் குறிப்பு தமிழில் எழுதப்பட்டது. ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904இலேயே அச்சாகத் தொடங்கிவிட, தமிழ் மூலம் 1948 வரை காத்திருந்தது. அந்த உலகத்தைப் பிரபஞ்சன் நாவல்களாக்கினார்; 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. கையருகே இவ்வளவு இருக்க, விடுதிக்கு ஒரு பொய் விருந்து தேவைப்படுகிறது. அதைவிட வியப்பு, அந்தத் தாளின் வாசகம் இலக்கிய நண்பர்களின் கட்டுரைகளிலும் தமிழாகி வந்துவிடுவதுதான். பிரபஞ்சனைப் படித்தவர்களும் துண்டறிக்கையை நம்புகிறார்கள்.

இரண்டாம் நாள் காலை, காப்பி கொண்டுவந்தவர் தட்டை வைத்துவிட்டு, "ஐயா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர்; விக்கிரவாண்டிப் பக்கத்துச் சிற்றூர். எங்கள் பக்கத்தில் மற்ற ஆசிரியரெல்லாம் சார். தமிழாசிரியர் மட்டும் ஐயா. அந்த ஒரு சொல்லிலேயே வகுப்பறை திரும்பி வந்தது. வகுப்பில் கேள்வி கேட்கும் மாணவர் அவர். நெய்தல் திணையைப் பாடம் நடத்தியபோது, கடற்கரை ஊரில் உப்பு விற்றவர்களைப் பற்றி இவ்வளவு பாட்டு இருக்க, எங்கள் ஏரிக்கரைக்கு ஒரு திணையும் இல்லையா என்று கேட்டவர்.

வீட்டைச் சுற்றிக்காட்டும் வேலையும் அவருடையதுதான். அன்று ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்கு அவர் சுற்றிக்காட்டுவதைப் பின்னால் நின்று கேட்டோம். மனப்பாடமான ஆங்கில வாக்கியங்கள். துய்ப்ளெக்ஸ் விருந்தும் அதில் இருந்தது. அவருக்கு அது பொய் என்று தெரியும். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறி, பிறகு சொல்லி முடித்தார். "எழுதிக் குடுத்ததத்தான் சொல்லணும் ஐயா" என்றார் பிறகு. தமிழ் படித்த ஒருவருக்குத் தமிழ் வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த எதையும் சொல்லக் கூடாது என்பது அவ்வேலையின் நிபந்தனை. முற்றத்து மழையைப் பற்றிப் பரவசப்படும் கட்டுரையாளர்கள் இவரோடு ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

கொஞ்ச நேரம் பேசலாம் என்று அவரை வாசலுக்கு அழைத்தோம். திண்ணையைக் காட்டினோம். "வேணாம் ஐயா. நான் இங்க உக்காந்தா கேமராவுல தெரியும், மேனேஜர் கேப்பாரு" என்றார். தெருவைக் கடந்து எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் நின்றுகொண்டே பேசினோம். உணவு இடைவேளை முடிந்ததும் அவர் பக்கவாட்டுச் சந்து வழியாக உள்ளே போனார். முன்வாசல் வேலையாட்களுக்கு இல்லை.

அன்று மாலை ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி நினைவில்லத்துக்குப் போனோம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலமாக வாழ்ந்தவர் அவர். புதுச்சேரியில் அவருக்கு வீடு வாடகைக்கு விட்ட விளக்கெண்ணெய்ச் செட்டியாரைப் பற்றிப் பாரதியின் நண்பர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். வாடகை கேட்க வருவாராம்; பாரதி பாடிக்கொண்டிருந்தால் கேட்டுவிட்டு, வாடகையைப் பற்றி வாய் திறக்காமல் போய்விடுவாராம். புதுச்சேரி வீடுகளின் மரபைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் செட்டியாரை எப்படித் தவறவிடுகிறார்கள்? மரபுக் கட்டடம் என்று எந்தப் பட்டியலிலும் ஏற்ற முடியாத ஒன்றை அவர் வைத்திருந்தார். அது இல்லாமல் போயிருந்தால் அந்தப் பத்தாண்டுகளின் கவிதையில் எவ்வளவு நமக்குக் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். விடுதி முதலாளி எவரும் செட்டியாராக வேண்டுமென்று கேட்கவில்லை. வணிகம் வணிகமாக நடக்கட்டும். 'பூட்டிக்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே கடை என்றுதான் பொருள். கடையைக் கடை என்று சொல்லிக்கொண்டு நடத்துவதில் இழிவு ஏதுமில்லை.

நாங்கள் கேட்பது சிறிய விஷயங்கள். தெருவைப் பார்த்த திண்ணையையும் தாழ்வாரத்தையும் தெருவுக்கே விட்டுவிடுங்கள். உருளியை உள்ளே எடுத்துப் போங்கள். சுவரில் மாட்டும் வரலாற்றைத் தமிழிலும் எழுதுங்கள், சான்றுள்ளதை மட்டும் எழுதுங்கள். வீட்டைக் கட்டிய குடும்பம் எது, பாகப்பிரிவினையில் என்ன ஆயிற்று, யார் விற்றார் என்பதும் வரலாறுதான், விருந்தைவிடச் சுவையானதும்கூட. இவற்றைக் கேட்க நமக்கு உரிமையில்லை என்று சொல்பவர்கள், பழைய கட்டடங்களுக்கென்று பொதுப்பணத்திலிருந்தும் சலுகைகளிலிருந்தும் வரும் உதவியை எந்த உரிமையில் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் எழுத்தாள நண்பர்களுக்கு: தங்குங்கள், எழுதுங்கள். எழுதுமுன் ஒருமுறை வாசலுக்கு வந்து அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். என்ன நடக்கிறதோ அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கிளம்பும்போது கருத்துப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். தமிழில் எழுதத் தொடங்கினோம். "தமிழ்ல எழுதினா மேல அனுப்ப மாட்டாங்க ஐயா" என்று எங்கள் மாணவர் மெதுவாகச் சொன்னார். இருந்தாலும் எழுதினோம். அந்தத் தாளில் நான்கு வரிக்குத்தான் இடம் இருந்தது.